பள்ளி எல்லை மாறும்போது: ஹோவர்ட் கவுண்டிக்குக் குடிவருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவர் என்னை அழைத்து இதே கேள்வியைக் கேட்கிறார். "வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். இப்போது போய் அந்தத் தெருவுக்குப் பள்ளி மாறப்போகிறது என்கிறார்களே, அப்படிச் செய்ய முடியுமா?"

முடியும். ஹோவர்ட் கவுண்டி இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் எந்தத் தெருவின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவது என்று வகுக்கும் அதிகாரம் கவுண்டியின் கல்வி வாரியத்துக்கு உரியது. பள்ளி நிர்வாகத்தின் தலைவரான கண்காணிப்பாளரின் ஆலோசனையைக் கேட்டு வாரியம் முடிவெடுக்கும். மாநிலக் கல்விச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு பள்ளியில்தான் படிப்பேன் என்று கோரும் உரிமை மாணவருக்கு இல்லை என்று 1967இலேயே மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வீட்டுப் பத்திரத்தில் தோட்டத்தின் அளவு இருக்கும், வேலியின் இடம் இருக்கும், பள்ளியின் பெயர் இருக்காது.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இது உறைக்கக் கொஞ்ச காலம் ஆகிறது. அங்கே முதலில் பள்ளியைப் பிடிக்கிறோம், விண்ணப்பத்துக்கு வரிசையில் நிற்கிறோம், கட்டணம் கட்டுகிறோம், பிறகு பள்ளிக்குப் பக்கத்தில் வீடு தேடுகிறோம். இங்கே அரசுப் பள்ளிக்குக் கட்டணமும் இல்லை, வரிசையும் இல்லை. வீட்டு முகவரிதான் அனுமதிச் சீட்டு. அதனால்தான் வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால் ஒரு தெருவே தூக்கத்தை இழக்கிறது.

ஹோவர்ட் கவுண்டி பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் இருக்கிறது. சுமார் 57,000 மாணவர்கள். நம்மவர்கள் கணிசமாகக் குடியேறியிருக்கும் இடம். நான் இதை எடுத்துக்கொண்டது அதற்காக மட்டும் அல்ல. எல்லை மாற்றம் எப்படி நடக்கும், எப்படிக் கசக்கும் என்பதை இந்தக் கவுண்டி 2019இல் நாடறியக் காட்டியது. வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் முறை ஏறக்குறைய இதுதான். சொற்களும் தேதிகளும் மட்டும் மாறும்.

முதல் வேலை: பாலிகான் எண்

எலிகாட் சிட்டி, கொலம்பியா, கிளார்க்ஸ்வில் என்று நாம் பேச்சில் சொல்லும் ஊர்களுக்குத் தனி நகராட்சி கிடையாது. கவுண்டி முழுவதற்கும் ஒரே பள்ளி நிர்வாகம். ஆகவே அஞ்சல் முகவரியில் என்ன ஊர் இருக்கிறது, ஜிப் எண் என்ன என்பதை வைத்துப் பள்ளியை ஊகிக்காதீர்கள். ஒரே ஜிப் எண்ணுக்குள் மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் எல்லைகள் வந்து முட்டுவது சாதாரணம். தெருவின் இடப்பக்கம் ஒரு பள்ளி, வலப்பக்கம் வேறு பள்ளி என்பதும் உண்டு.

பள்ளி நிர்வாகத்தின் இணையதளத்தில் பள்ளி தேடும் பக்கம் இருக்கிறது. வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் இட்டால் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி என மூன்று பெயர்கள் வரும். இங்கே தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்பு வரை, நடுநிலை எட்டு வரை, உயர்நிலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. பெரும்பாலோர் மூன்று பெயர்களைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அதோடு நிற்காதீர்கள். அடுத்துத் திட்டமிடல் வரைபடத்தைத் திறந்து உங்கள் வீடு எந்தப் பாலிகானில் விழுகிறது என்று பாருங்கள்.

பாலிகான் என்பது எல்லை வரைபவர்களின் செங்கல். ஒரு குடியிருப்புத் தொகுதியோ சில தெருக்களோ சேர்ந்து ஒரு பாலிகான். அதற்கு ஓர் எண். எல்லை மாறும்போது வீடு வீடாக மாற்றுவதில்லை. பாலிகானை அப்படியே தூக்கி அடுத்த பள்ளியில் வைக்கிறார்கள். பரிந்துரைப் பட்டியலில் உங்கள் தெருப் பெயர் வராது, இந்த எண்தான் வரும். அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாலும் தவறில்லை. வேறு சில கவுண்டிகளில் இதையே திட்ட மண்டலம் என்பார்கள்.

வீடு விற்கும் தளங்களில் வரும் பள்ளிப் பெயரை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். எல்லை மாறி மாதக்கணக்கான பிறகும் பழைய பெயரே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வீடு விற்கும் முகவரிடம் "இந்தப் பள்ளி நல்ல பள்ளியா?" என்று கேட்டால் நழுவுவார், வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் இருப்பதால் அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர்கள் தயங்குவார்கள். அதில் அவர்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. பத்துக்கு ஒன்பது என்று மதிப்பெண் போடும் தளங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அந்த எண் பெரும்பாலும் அந்தப் பகுதியின் வருமானத்தைத்தான் வேறு வேடத்தில் காட்டுகிறது. ஆனால் நம்மவர்கள் அதை ஜாதகம்போல் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள், என்ன செய்வது.

இரண்டாவது: கொள்ளளவு அட்டவணையைப் படிக்கப் பழகுங்கள்

வீடு வாங்குபவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இந்த அட்டவணையைப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லை மாறுமா மாறாதா என்பதை மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முன்கூட்டிச் சொல்லும்.

ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு எண்கள் இருக்கும்: கட்டடம் தாங்கும் பிள்ளைகள், இப்போது இருக்கும் பிள்ளைகள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பயன்பாட்டு விழுக்காடு. பிறகு அடுத்த பத்தாண்டு அளவுக்கான கணிப்பு வரிசையாக இருக்கும். 2019 மாற்றத்தின்போது ஹோவர்டில் நடைமுறையில் இருந்த கொள்கையின்படி இலக்கு 90 முதல் 110 விழுக்காடு. பக்கத்து மான்ட்கோமரி கவுண்டியில் 80 முதல் 100. உங்கள் பள்ளி இந்த ஆண்டு 104இல் இருந்து, கணிப்பில் 109, 113, 118 என்று ஏறிக்கொண்டே போனால் உங்கள் கோடு அசையப்போகிறது என்று பொருள். அதே அளவு கவனிக்க வேண்டியது பக்கத்துப் பள்ளிகளை. உங்கள் பள்ளி 101இல் நிம்மதியாக இருக்கலாம். மூன்று மைல் தள்ளி ஒன்று 130இலும் உங்களுக்கு அடுத்தது 84இலும் இருந்தால், சங்கிலித் தொடர்போல் தள்ளிக்கொண்டு வரும்போது நடுவில் மாட்டுவது நீங்கள்தான்.

தாங்கும் பிள்ளைகள் என்ற எண் கல்வெட்டு அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டடத்துக்கு ஓர் அங்குலம்கூடச் சேர்க்காமல் அது கூடும், குறையும். மாநிலக் கணக்கில் தொடக்கப் பள்ளி வகுப்பறைக்கு 23 பிள்ளைகள், கிண்டர்கார்டனுக்கு 22, அதற்கு முந்தைய மழலை வகுப்புக்கு 20, தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் தனி வகுப்புக்கு 10. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் அறைக்கு 25 வைத்து, மொத்தத்தில் 85 விழுக்காட்டை மட்டும் எடுப்பார்கள். எல்லா அறையும் எல்லா மணியிலும் நிரம்பியிருக்க முடியாது அல்லவா. 60 அறைகள் இருந்தால் 1,500 என்று வராது, 1,275 என்றுதான் வரும். கவுண்டி தன் வகுப்பு அளவுக்கு ஏற்ப வேறு கணக்கு வைத்திருக்கும். ஒரே கட்டடத்துக்கு இரண்டு அறிக்கைகளில் இரண்டு எண்கள் இருந்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். மேரிலாந்து 2021இல் கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தச் சட்டம் மழலை வகுப்புகளைப் பெருக்கச் சொல்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒரு ஐந்தாம் வகுப்பு அறையை நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்தால், அந்தக் கட்டடத்தில் பெரிய பிள்ளைகளுக்கான இடம் குறைந்துவிடுகிறது. உங்கள் தெருவில் ஒரு புது வீடுகூட வந்திருக்காது. பள்ளி மட்டும் நிரம்பிவிடும்.

பள்ளியின் பின்புறம் நிற்கும் டிரெய்லர் வகுப்பறைகள் இந்தக் கணக்கில் சேராது. அவை நெரிசலின் அடையாளம், தீர்வு அல்ல. பள்ளியை நேரில் போய்ப் பார்க்கும்போது முகப்பில் நின்று படம் எடுப்பதோடு விடாமல் பின்பக்கம் ஒரு நடை போங்கள். எத்தனை டிரெய்லர்கள் நிற்கின்றன? பிப்ரவரி மழையில் பிள்ளைகள் கழிப்பறைக்கு எந்த வழியாக வருகிறார்கள்? அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் மதிய உணவு எத்தனை மணிக்கு? நெரிசல் மிகுந்த பள்ளியில் உணவுக்கூடம் போதாமல் முறை வைத்து அனுப்புவார்கள். காலை பத்தே முக்காலுக்கு உங்கள் பிள்ளை தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கிறது என்றால், அட்டவணை சொல்லாததை அந்த டப்பா சொல்லிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு தொடக்கப் பள்ளி 788 பேரைத் தாங்கும். இருப்பது 906 பேர். 115 விழுக்காடு. பக்கத்துப் பள்ளி 609 பேரைத் தாங்கும். இருப்பது 560 பேர், 92 விழுக்காடு. எல்லையோரத்தில் நான்கு பாலிகான்கள்: 31, 44, 18, 27 பிள்ளைகள். நான்கையும் மாற்றினால் 120 பேர். முதல் பள்ளி 786க்கு இறங்கி மூச்சுவிடும். ஆனால் இரண்டாவது 680 பேருடன் கிட்டத்தட்ட 112ஐத் தொடும். இலக்கு 110. ஆக 18 பிள்ளைகள் உள்ள பாலிகானை விட்டுவிட்டு மற்ற மூன்றை மாற்றுவார்கள். முதல் பள்ளி 102, இரண்டாவது 109. இரண்டும் வரம்புக்குள். மறுநாள் காலை அந்த மூன்று பாலிகான்காரர்களும் "அவர்களை மட்டும் எப்படி விட்டார்கள்? யாரைப் பிடித்தார்கள்?" என்று கேட்பார்கள். யாரையும் பிடிக்கவில்லை. கூட்டிக் கழித்ததில் அவர்கள் தப்பினார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது: என்ன கட்டுகிறார்கள் என்று பாருங்கள்

இரண்டு கட்டுமானங்களைக் கவனிக்க வேண்டும், வீடும் பள்ளியும். ஹோவர்டில் பள்ளி நெரிசலானால் புதுக் குடியிருப்புக்கான அனுமதியைச் சில ஆண்டுகள் நிறுத்திவைக்கும் சட்டம் உண்டு. 2018இல் திருத்தப்பட்டபடி, தொடக்கப் பள்ளி 105, நடுநிலை 110, உயர்நிலை 115 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தப் பகுதியில் புதுத் திட்டங்கள் காத்திருக்க வேண்டும். இந்தப் பட்டியல் பொதுவில் கிடைக்கும். ஆனால் இது ஏற்கெனவே அனுமதி பெற்ற வீடுகளைத் தடுக்காது. பழைய வீடுகள் கைமாறுவதையும் தடுக்காது. பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்ட முதிய தம்பதி வீட்டை விற்க, இரண்டு குழந்தைகளோடு நீங்கள் குடிவருகிறீர்கள். புதுக் கூரை ஒன்றும் எழவில்லை. பள்ளிக்கு இரண்டு தலை கூடிவிட்டது. நெரிசலைப் பற்றிப் புகார் சொல்லும் நாமும் அந்த நெரிசலில் பாதி என்பது உறுத்தத்தான் செய்யும்.

புதிய பள்ளி வருகிறது என்றால் எல்லை மாற்றம் வருகிறது என்று படியுங்கள். காலிக் கட்டடத்தை நிரப்ப வேறு வழி இல்லை. இதே கவுண்டியின் ஜெஸ்ஸப்பில் கில்ஃபோர்ட் பார்க் உயர்நிலைப் பள்ளி 2023 ஆகஸ்டில் திறந்தது. சுமார் 1,650 இடங்கள். அதற்கான எல்லைகள் முந்தைய ஆண்டே வரையப்பட்டன. ஆகவே பள்ளி நிர்வாகத்தின் மூலதனத் திட்டத்தில் (கட்டடச் செலவுகளுக்கான திட்டம்) உங்களுக்குப் பத்து மைல் சுற்றளவில் என்ன கட்டடம், எந்த ஆண்டில் என்று பாருங்கள். திட்டத்தில் ஓர் ஆண்டு போட்டிருந்தால் அதற்குப் பின்னும் ஓரிரண்டு ஆண்டுகள் கூட்டிக்கொள்வது என் வழக்கம். இங்கே கல்வி வாரியத்துக்குத் தானே வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. பணம் கவுண்டியிடமிருந்தும் மாநிலத்திடமிருந்தும் வர வேண்டும், வரும்போதுதான் வரும்.

கூட்டம் குறைவதாலும் கோடு மாறும். டெக்சாஸின் பிளேனோவில் பிள்ளைகள் எண்ணிக்கை சரிந்து, 2024 ஜூனில் நான்கு பள்ளிகளை மூட வாரியம் முடிவெடுத்தது. பொடோமாக் நதிக்கு அக்கரையில், வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி பல பத்தாண்டுகளாக எல்லைகளை மொத்தமாகத் தொடாமலே இருந்தது. 2024இல் கொள்கையைத் திருத்தி, இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுவதும் மறுஆய்வு என்று வைத்துவிட்டது. எனவே "இந்த ஊரில் மாற்ற மாட்டார்கள்" என்று சொல்லும் ஊர்ப் பெரியவரின் வாக்கைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது: நாள்காட்டி

மாற்றம் நடக்கும் ஆண்டில் ஹோவர்டின் வழக்கமான வரிசை இது. ஜூனில் சாத்திய ஆய்வு அறிக்கை வரும். புதிய கணிப்புகளும் முதல்கட்ட மாற்று யோசனைகளும் அதில் இருக்கும். கோடையில் கருத்துக் கேட்பு. ஆகஸ்டில் கண்காணிப்பாளரின் பரிந்துரை. செப்டம்பர் முதல் பொது விசாரணைகள், அதாவது மக்கள் வாரியத்தின் முன் கருத்துச் சொல்லும் கூட்டங்கள், பிறகு வாரியத்தின் பணிக் கூட்டங்கள். செப்டம்பர் 30 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கைதான் அந்த ஆண்டின் அதிகாரபூர்வக் கணக்கு. நவம்பரில், நன்றி நவிலல் விடுமுறைக்கு முன் வாக்கெடுப்பு. அடுத்த ஆகஸ்டில் பிள்ளைகள் புதுப் பள்ளியில்.

நம்மவர்கள் ஜூனில் ஊருக்குப் போய்விடுகிறோம். மாம்பழமும் கல்யாணங்களும் முடிந்து ஆகஸ்ட் கடைசியில் ஜெட் களைப்போடு திரும்பி, தபால் பெட்டியைத் திறக்கும்போது பரிந்துரையே வந்திருக்கும். நவம்பரில் பதாகை பிடிப்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஜூன் அறிக்கையை விமானத்தில் படியுங்கள்; பதினான்கு மணி நேரம் இருக்கிறது.

ஐந்தாவது: உங்கள் பாலிகான் பட்டியலில் வந்துவிட்டால்

முதலில் 2019இல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பல பள்ளிகள் நெரிந்தன, சில பள்ளிகளில் இடம் கிடந்தது. அன்றைய கண்காணிப்பாளர் மைக்கேல் மார்ட்டிரானோ சுமார் 7,400 பிள்ளைகளை மாற்றும் திட்டத்தை ஆகஸ்டில் வைத்தார். நெரிசலோடு இன்னொரு நோக்கமும் அதில் இருந்தது: ஏழைப் பிள்ளைகள் சில பள்ளிகளிலேயே குவிந்து கிடப்பதைக் குறைப்பது. இலவச, சலுகை விலை உணவு பெறும் பிள்ளைகளின் விழுக்காடு அதற்கு அளவுகோல். கவுண்டி கவுன்சில் உறுப்பினர்களில் மூவர் அதே நோக்கத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஊர் கொதித்தது. எல்லா இனத்தையும் எல்லா வருமானத்தையும் ஒரே ஊரில் குடிவைப்பேன் என்று ஜேம்ஸ் ரவுஸ் 1967இல் உருவாக்கிய கொலம்பியா இருக்கும் கவுண்டி இது. அங்கேயே தெருமுனைகளில் பதாகைகள், நள்ளிரவு வரை விசாரணைகள், கசப்பான கடிதங்கள். நவம்பர் 21 அன்று வாரியம் வாக்களித்தபோது மாறிய பிள்ளைகள் சுமார் 5,400. எதிர்த்தவர்களில் ஆசியப் பெற்றோர் நிறைய. நம் வட்டத்தில் அப்போது பேசப்பட்ட சில வாக்கியங்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதனால் முதல் அறிவுரை: புதுப் பள்ளியில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்கூட இழிவாகப் பேசாதீர்கள், எழுதாதீர்கள். மைக் முன்னால் மட்டும் அல்ல, குழுக்களிலும்தான். அது தவறு என்பது முதல் காரணம். உங்கள் வாதம் அந்த நொடியே செத்துவிடும் என்பது இரண்டாவது. அடுத்த ஆகஸ்டில் உங்கள் மகள் அதே பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடும் என்பது மூன்றாவது.

விசாரணையில் பேச முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். பந்திக்கு முந்துவதுபோல் பதிவு திறக்கும் நாளிலேயே முந்துங்கள். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். "இந்தப் பள்ளிக்காகத்தான் இந்த வீட்டை வாங்கினோம்", "வீட்டின் விலை இறங்கிவிடும்", "எங்கள் பிள்ளைகள் கடினமாக உழைப்பவர்கள்" என்ற மூன்றையும் வாரியத்தினர் அன்று மாலையே நாற்பது முறை கேட்டிருப்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் கொள்கையில் இந்த மூன்றுக்கும் இடம் இல்லை.

கொள்கையில் இடம் இருப்பவை வேறு. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிறார்களா, மாற்றினால் புதிதாகப் பஸ் வேண்டுமா. அக்கம்பக்கக் குடியிருப்பு இரண்டாகப் பிளக்கிறதா. தொடக்கப் பள்ளியிலிருந்து நடுநிலைக்குப் போகும்போது ஒரு சிறு கும்பல் மட்டும் தனியே பிரிந்து போகிறதா. சேரும் பள்ளியில் அந்தக் கும்பல் 15 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று 2019இன் கொள்கை சொன்னது. ஐந்தாண்டுக்குள் ஒரே பிள்ளை இரண்டாவது முறை மாற்றப்படுகிறதா. இவற்றில் உங்களுக்குப் பொருந்துவது எது என்று பார்த்து அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் நடப்பில் இருக்கும் கொள்கையின் வாசகத்தையே பிடித்துப் பேசுங்கள்.

நல்ல சாட்சியம் இப்படி இருக்கும்: "நான் இன்ன எண் பாலிகானில் வசிக்கிறேன். இங்கிருந்து 34 பிள்ளைகள் முக்கால் மைல் நடந்து பள்ளிக்குப் போகிறார்கள். பரிந்துரைப்படி அவர்களுக்கு ஒரு பஸ் தேவைப்படும். நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் பாலிகானில் 41 பிள்ளைகள். அவர்கள் இப்போதே பஸ்ஸில்தான் போகிறார்கள், தொடக்கப் பள்ளியில் இன்னும் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. எங்களுக்குப் பதில் அந்தப் பாலிகானை மாற்றினாலும் இரண்டு பள்ளிகளும் 110க்குள் நிற்கும்." இருபது விநாடி. எண்கள் சரியாக இருந்தால் ஓர் உறுப்பினராவது பேனாவை எடுப்பார்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. உங்களைத் தப்பவைக்கும் ஒவ்வொரு யோசனையும் இன்னொரு தெருவை உள்ளே தள்ளுகிறது. நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் அந்த 41 பேரில் ஒருத்தி உங்கள் மகளின் பரதநாட்டிய வகுப்புத் தோழியாக இருக்கலாம். அவளுடைய அப்பா அதே அரங்கில் மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருக்கலாம். அவரோடு முன்கூட்டியே பேசிவிடுவது மரியாதை. சில சமயம் இரண்டு பாலிகானும் சேர்ந்து மூன்றாவது வழியைக் கண்டுபிடிப்பதும் உண்டு. பள்ளிக்கூடம் முடிந்தாலும் ஊரில் முகம் பார்த்துத்தானே இருக்க வேண்டும்.

பரிந்துரையில் உங்கள் எண் இல்லை என்றாலும் நவம்பர் வரை கண்ணை எடுக்காதீர்கள். பணிக் கூட்டங்களில் ஒரு பாலிகானை வெளியே எடுத்தால் கணக்கைச் சரிக்கட்ட வேறொன்று உள்ளே வரும். கடைசி வாரத்தில் சேர்க்கப்பட்டு, ஒரு விசாரணையில்கூடப் பேசாமல் மாறிய தெருக்கள் உண்டு.

ஆறாவது: வாக்கெடுப்புக்குப் பிறகு

முதலில் விலக்குகளைப் பாருங்கள். பள்ளியின் கடைசி வகுப்புகளில் இருப்பவர்களை, குறிப்பாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவர்களை, பழைய பள்ளியிலேயே முடிக்க விடுவது பெரும்பாலான மாவட்டங்களில் வழக்கம். எந்த வகுப்புக்கு விலக்கு, தம்பி தங்கைக்கும் உண்டா, பஸ் உண்டா என்பது ஒவ்வொரு முறையும் வாரியத்தின் முடிவிலேயே எழுதப்படும். விலக்கு இருந்து பஸ் இல்லை என்றால் தினமும் இருமுறை கொண்டுவிடுவது உங்கள் பொறுப்பு. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் அதை நன்றாக யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தனிக் காரணத்துக்காகப் பள்ளி மாற்றம் கேட்கும் விண்ணப்பமும் உண்டு. கெடு தேதி தவறினால் கதவு மூடும், நெரிசலான பள்ளிக்கு அது கிடைப்பதும் அரிது.

மேல்முறையீடு செய்யலாம். ஆனால் வாரியத்தின் முடிவு தன்னிச்சையானது, நியாயமற்றது அல்லது சட்டவிரோதமானது என்று நீங்கள் காட்ட வேண்டும். "வேறு மாதிரி வரைந்திருக்கலாம்" என்பது அந்தப் படியைத் தாண்டாது. வழக்கறிஞருக்குச் சேர்த்த பணத்தில் நல்ல சைக்கிள்கள் வாங்கியிருக்கலாம் என்று பின்னால் சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

உறவினர் முகவரியைக் கொடுத்துப் பழைய பள்ளியில் தொடரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முகவரிச் சான்று கேட்பார்கள், சந்தேகம் வந்தால் விசாரிப்பார்கள். பிடிபட்டால் ஆண்டின் நடுவில் பிள்ளையை வெளியே அனுப்புவார்கள், கட்டணமும் கேட்கலாம். உண்மையிலேயே அண்ணன் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கியிருந்தால் அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. ஒளிக்க வேண்டியதில்லை.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதில் நான் பெரிய நிபுணன் அல்லன். சாப்பாட்டு மேசையில் இரண்டு மாதம் அந்தப் புதுப் பள்ளியைத் திட்டிவிட்டு, டிசம்பரில் "ரொம்ப நல்ல பள்ளி, கண்ணா" என்று சொன்னால் எட்டு வயதுக் குழந்தைகூட நம்பாது. நான் அந்தத் தவறைச் செய்தேன். வசந்த காலத்தில் புதுப் பள்ளி தன் கதவைத் திறந்துவைக்கும் மாலையில் கூட்டிக்கொண்டு போங்கள். நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். 2019இல் மாற்றப்பட்ட பிள்ளைகளுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அத்தனை சண்டைக்குப் பிறகு 2020 இலையுதிர்காலத்தில் கோவிட் காரணமாகப் பள்ளிகள் இணையவழியில் தொடங்கின. புதுப் பள்ளியின் முதல் நாள், பழைய வீட்டின் அதே மேசையில், ஒரு திரைக்கு முன்னால் கழிந்தது.

பஸ் நிறுத்தமும் நேரமும் ஆகஸ்ட் கடைசியில்தான் உறுதியாகும். எல்லை மாறிய ஆண்டில் முதல் வாரம் பஸ்கள் தாமதமாகத்தான் வரும். அந்த வாரம் அலுவலகத்தில் முதல் கூட்டத்தைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பையில் புதுப் பள்ளியின் பெயர், பஸ் எண், உங்கள் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிப் போட்டுவிடுங்கள்.